வாசனை தெரிந்தவள்

பெரியவளுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவளுடைய நாக்கு. ரொம்ப நீளமான நாக்கு என்று கொழுந்தன் கேலி செய்வான், அது வேறு சங்கதி. பிறந்ததிலிருந்து வேதம் விலக்கிய எதையும் அந்த நாக்கு தொட்டது கிடையாது. பிறந்த வீடும் அந்தச் சபைதான், வாழ வந்த வீடும் அந்தச் சபைதான். வேறு எதில் தோற்றாலும் இதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று இருந்தாள்.

அந்தச் சபைக்காரர்களின் சாப்பாட்டுச் சட்டம் லேசுப்பட்டதல்ல. நிலத்தில் நடக்கிற மிருகம் என்றால் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும், அசையும் போட வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் தட்டுக்கு வராது. ஒட்டகம் அசைபோடும், பாதம் சரியில்லை, தள்ளு. பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, அசைபோடத் தெரியாது, அதையும் தள்ளு. தண்ணீரில் இருப்பது என்றால் துடுப்புச் சிறகும் செதிளும் கட்டாயம். இறால், நண்டு, கணவாய் எல்லாம் வாசற்படிக்கு வெளியே. பெரியவள் மீன் வாங்கப் போனால், மீனைப் புரட்டி, நகத்தால் சுரண்டி, செதிள் கையோடு வந்தால்தான் கூடையில் போடுவாள். மீன்காரி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஓய்வுநாள் ஆராதனை முடிந்ததும் சபை மொத்தமும் பின்கூடத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும். அந்தச் சமையற்கட்டு பெரியவளின் ராஜ்யம். எந்தக் கரண்டி எந்த ஆணியில் தொங்க வேண்டும், எந்த அடுப்பின் திருகு கொஞ்சம் லொடலொடக்கும், எந்தப் பானையின் மூடி எந்தப் பானைக்குச் சேராது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ருசி? ருசியைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. உப்பு குறைந்தால் உப்பு குறைவு என்பார்கள். சரியாக இருந்தால் வாயைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அவள் புருஷன் அதுகூடச் சொல்ல மாட்டார். தட்டில் போட்டால் தின்னும் ஜென்மம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் சின்னவள் வந்து சேர்ந்தாள்.

அவள் புருஷனும் கொழுந்தனும் சேர்ந்து லாண்டிரி நடத்தினார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல்காரர்களின் உடுப்பு என்று மூட்டை மூட்டையாக வரும். பெரிய ஓட்டல் ஒன்றுக்கு ஏப்ரன் எடுக்கப் போய்க்கொண்டிருந்த கொழுந்தன், ஒரு நாள் ஏப்ரனோடு சேர்த்து அதைக் கட்டியிருந்தவளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். சபைக்கு வெளியே பிறந்தவள். ஓட்டலில் கடல் சாப்பாட்டுப் பிரிவில் சமையல்காரி. கடலில் நீந்துவது, ஊர்வது, பாறையில் ஒட்டிக்கொண்டிருப்பது, எதையும் விட்டுவைக்காத கை. ருசி பார்க்காமல் சமைக்க முடியுமா? எதையும் விட்டுவைக்காத நாக்கும்தான்.

"பன்றியோட சேர்ந்த கன்னும் என்னத்தையோ தின்னுமாம். கல்யாணத்த யோசிச்சுச் செய்ங்க அத்தை" என்று பெரியவள் மாமியார் காதில் ஓதினாள்.

அத்தை ஒன்றும் ஏமாளி இல்லை. "அவதான் பன்னிய விட்டுட்டு கன்னுங்களோட வந்து சேர்ந்துட்டாளே. இனிமே கன்னுங்கதான் ஒழுங்கா நடந்துக்கணும்" என்றாள்.

சின்னவள் ஞானஸ்நானம் எடுத்தாள், ஓட்டல் வேலையை விட்டாள், விலக்கப்பட்டது எது, விலக்கப்படாதது எது என்று ஒன்றுவிடாமல் நெட்டுருப் போட்டாள். சபை மூப்பர் ஒரு நாள் வேடிக்கையாக வெட்டுக்கிளியைப் பற்றிக் கேட்டதற்கு, எந்த வகை ஆகும், எந்த வகை ஆகாது என்று மளமளவென்று சொல்லிவிட்டாள். பெரியவளுக்கே தெரியாது அது. யார் வெட்டுக்கிளியைச் சமைக்கப் போகிறார்கள்? ஆனாலும் மூப்பர் எல்லார் முன்னாலும், "பாருங்க, பிறந்து வளர்ந்தவங்களுக்கே தெரியாதது" என்று சொன்னபோது, பெரியவளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். சூப்புதான் அவளைக் கொன்றது.

ஒருநாள் பெரியவளுக்குக் காய்ச்சல். சின்னவள் சபைக்கு மீன் சூப் வைத்தாள். நல்ல மீன், செதிள் உள்ள மீன், பெரியவளே வாங்கி வைத்திருந்த மீன். மத்தியானம் போர்வைக்குள் கிடந்தவளிடம் புருஷன் வந்து உட்கார்ந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தாள்.

"சின்னவ ஒரு சூப் வெச்சிருந்தா பாரு. ஆகா! அப்படி ஒரு சூப்ப நான் சாப்பிட்டதே இல்ல. ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிச்சேன்."

காய்ச்சல் அந்த நிமிஷமே போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷமாக இந்த மனுஷனுக்குப் பொங்கிப் போட்டிருக்கிறாள். ஒரு 'நல்லாருக்கு' கிடையாது. நேற்று வந்தவளுக்கு 'ஆகா'வாம்!

அதற்குப் பிறகு பெரியவள் தூங்கியும் தூங்கவில்லை, தின்றும் தின்னவில்லை. இஸ்திரிப் பெட்டியை நகர்த்தும்போது அதே நினைப்பு, விரிப்பை மடிக்கும்போது அதே நினைப்பு. சின்னவள் சிரித்தால் எரிந்தது. சிரிக்காவிட்டால் 'எவ்வளவு அடக்கம்' என்று அத்தை சொல்லுவாளே என்று எரிந்தது. விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுவதுதான் அசைபோடுவது என்றால், பெரியவளைப்போல் சுத்தமான பிராணி அந்த ஊரிலேயே கிடையாது. குளம்பு பிளக்காததுதான் ஒரு குறை.

இந்த நேரத்தில்தான் வெளியூர்ச் சபைகளிலிருந்து மூப்பர்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அப்படி வரும்போது விருந்து எப்போதுமே பெரியவள் பொறுப்பு. அவள் மனதுக்குள் என்ன என்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மூப்பர் வந்து இளித்துக்கொண்டு நின்றார்.

"இந்தத் தடவ சூப்ப சின்னவகிட்ட விட்டுடலாம்மா. நீங்க ரொட்டியப் பாத்துக்கங்க."

ரொட்டி! கடையிலிருந்து வாங்கி வந்து வெட்டி அடுக்க வேண்டிய ரொட்டி!

அத்தை கூட இருந்தாள். மருமகளுக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தால், "அவளும்தான் எத்தன காலம் அடுப்புல வேகுறது. இது நல்லபடியா முடிஞ்சா சமையக்கட்டு மொத்தத்தையும் சின்னவளே பாத்துக்கட்டும். பெரியவ கொஞ்சம் உக்காரட்டும்" என்று அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகக் கழுத்தை அறுப்பது எப்படி என்று அத்தையிடம்தான் படிக்க வேண்டும். அந்த அடுப்படியை விட்டால் பெரியவள் யார்? சபையில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பொம்பளை. அவ்வளவுதான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தட்டியது. அதே மீன், அதே வெங்காயம், அதே தண்ணீர். தன் கையில் வராத ருசி அவள் கையில் எப்படி வருகிறது? ஏதோ போடுகிறாள். ஓட்டல் புத்தி எங்கே போகும்? விலக்கினது எதையோ போடுகிறாள்! யோசனை வந்ததும் பெரியவளுக்கு மனசு லேசாகிவிட்டது. அத்தனை ருசி சுத்தமானதாக இருக்க முடியாது என்று அவள் உறுதியாக நம்பினாள். சுத்தமான சாப்பாடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவளே தினமும் சமைக்கிறாளே!

சின்னவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து அவளுடைய அலமாரியைப் பெரியவள் குடைந்தாள். பின்னால் ஒரு கண்ணாடிப் புட்டி. உள்ளே பழுப்பு நிறத்தில் பொடி. திறந்து மோந்தாள். மூக்குக்குள் ஏறியது ஒரு கனமான வாசனை. மாட்டிக்கொண்டாள் திருடி! இது இறால் பொடிதான், வேறென்ன?

அங்கேதான் முட்டுக்கட்டை. இறால் பொடி என்று எப்படிச் சொல்வது? இறால் எப்படி மணக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியாது, மூப்பருக்குத் தெரியாது. சபையில் ஒரு ஆளுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சின்னவள். திருட்டைக் கண்டுபிடிக்கத் திருடியையே கூப்பிட வேண்டும் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? அந்தப் பொடி என்னவென்று சின்னவளையே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். ஆனால் அவளிடம் போய்ப் பெரியவள் கேட்பதா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

பொடியில் ஒரு சிட்டிகையைத் துணியில் முடிந்துகொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். வழக்கமான மீன்காரியே மாட்டினாள்.

"காஞ்ச இறால் இருக்கா?"

மீன்காரி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "யாருக்கு? உங்களுக்கா? செதிள் எங்க, செறகு எங்கன்னு என் மீன உரிச்சு உயிர எடுப்பீங்களே!"

"எனக்கு எதுக்கு? பூனைக்கு."

"எந்தப் பூனை? உங்க வீட்டுல பூனையே இல்லையே."

"இனிமே வளக்கப் போறேன். குடுக்கிறதுன்னா குடு, இல்லன்னா வேற கடைக்குப் போறேன்."

"கோவிச்சுக்காதீங்க. வறுத்துப் பொடிச்சு வெச்சீங்கன்னா பூனை தட்டையும் சேத்து நக்கும்" என்று சொல்லி, மீன்காரி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

லாண்டிரியின் பின்னறையில், ஆவி குபுகுபுவென்று வரும் இடத்தில் நின்று, முதலில் துணி முடிச்சை மோந்தாள், பிறகு பொட்டலத்தை மோந்தாள். மாற்றி மாற்றி மோந்தாள். துளிகூட ஒற்றுமை இல்லை. புட்டியில் இருந்தது மண்வாசனை. காளானும் வெங்காயமும் காயவைத்து அரைத்தது என்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. காளான் எந்தச் சட்டத்திலும் வராது. குளம்பும் கிடையாது, செதிளும் கேட்க முடியாது. சின்னவள் சுத்தம்.

பெரியவளுக்கு அழுகை வந்தது. சின்னவள் தப்புச் செய்யவில்லை என்பதற்காக ஒரு மனுஷி அழுதாள் என்றால் யாராவது நம்புவார்களா? அழுதாள். மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு ஆத்திரத்தோடு அழுதாள்.

பொட்டலத்தைக் குப்பையில் போட்டிருக்கலாம். கை நீண்டது, ஆனால் போடவில்லை. கையில் இருக்கிறது இறால். அங்கே அடுப்பில் ஏறப்போகிறது சூப். நடுவில் சின்னவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒரு வாசனை. பானையில் இறால் இருந்தால், ஓட்டல்காரியைத் தவிர வேறு யார் போட்டிருப்பார்கள் என்று சபை நினைக்கும்? யாரும் வாயில் வைப்பதற்கு முன்னால் தான் எழுந்து நின்று தடுத்துவிட்டால் போதும். யாருக்கும் தீட்டும் இல்லை. சபையைக் காப்பாற்றிய பெயரும் தனக்குத்தான். சமையற்கட்டும் தனக்குத்தான். பொறாமை முற்றினால் புத்தி நன்றாகத்தான் வேலை செய்கிறது, வழிதான் தப்பு. அன்றைக்கே இறாலை வறுத்துப் பொடித்து, விருந்தன்று முந்தானையில் முடிய எடுத்துவைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி விரலெல்லாம் சுருங்கிப் போயிற்று.

அந்தச் சபையில் ஓய்வுநாளில் சமைப்பதில்லை. முந்தின நாள் மாலையே எல்லாம் முடித்து, ருசி பார்த்து மூடிவிடுவார்கள். மறுநாள் சூடு மட்டும் செய்வார்கள். எனவே ஆராதனை நடக்கும்போது சமையற்கட்டில் ஈ காக்கை இருக்காது. மூப்பர்கள் வந்த அன்று, பிரசங்கம் பாதியில் இருக்கும்போது பெரியவள் இருமிக்கொண்டே எழுந்து வெளியே போனாள். பானை சின்னத் தீயில் முனகிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கினாள், முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள், அடிவரைக்கும் துழாவினாள்.   திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாள்.

ஒன்றை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை. அவள் புருஷன் எந்த விருந்திலும் கடைசி ஜெபத்துக்குக் கண்ணை மூடுகிற ஆள் இல்லை. மற்றவர்கள் கண்ணை மூடியதும் நழுவிவிடுவார். கழுவுற மீனில் நழுவுற மீன். சபை பின்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது, மனுஷன் மேசையின் ஓரத்தில் காலி கிண்ணத்தோடு உட்கார்ந்து, மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சீக்கிரம் உக்காருங்க! போன தடவ வெச்சதெல்லாம் ஒண்ணுமே இல்ல. இந்தத் தடவ வெச்சிருக்கா பாருங்க சூப்பு! இப்படி ஒரு ருசி என் ஜென்மத்துல என் நாக்குல பட்டதில்ல. ஏற்கெனவே ஒரு கிண்ணம் ஆச்சு. இன்னொண்ணு ஊத்தும்மா சின்னவ!"

வெளியூர் மூப்பர்கள் சிரித்தார்கள். அத்தை மகனைச் செல்லமாக அதட்டினாள். பெரியவளுக்கு ஒரு பக்கம் திக்கென்றது, 'ஐயோ, குடித்துவிட்டாரே' என்று. மறுபக்கம், தன் கையால் துழாவிய பானையின் ருசிக்கும் சின்னவளுக்கே ஆகா கிடைக்கிறதே என்று நெஞ்சு வெந்தது. எது அதிகம் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. இல்லை, முடியும். இரண்டாவதுதான்.

சின்னவள் கரண்டியோடு பானைப் பக்கம் போய் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. அப்படியே நின்றுவிட்டாள். கரண்டி பாதி வழியில் நின்றது. ஓட்டல்காரி மூக்குக்கு ஒரு மூச்சு போதும்.

இதுதான் சமயம் என்று பெரியவள் எழுந்தாள்.

"யாரும் அதத் தொடாதீங்க! அதுல இறால் இருக்கு!"

 கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்த கைகள் பின்னால் போயின. மூப்பர் எழுந்து பானைக்குப் பக்கத்தில் போய் மோந்தார். வெளியூர் மூப்பர்கள் மோந்தார்கள். பொம்பளைகள் ஒருத்தர் தோளுக்கு மேல் ஒருத்தர் எட்டி மோந்தார்கள். எல்லார் மூக்கும் விரிந்தது, எல்லாரும் விழித்தார்கள். மணக்கிறது, நன்றாகவே மணக்கிறது, ஆனால் எது என்று யாருக்குத் தெரியும்?

அத்தை கடைசியாக மோந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"என்னமோ மணக்குது. இறால்னு நீ எப்படிச் சொல்ற?"

"அதான் வாசன வருதே அத்தை! அங்க உக்காந்திருக்கும்போதே வந்துச்சே!"

"எனக்கும்தான் வருது. இந்த வயசு வரைக்கும் இறால மோந்ததில்ல, அதனால எனக்குத் தெரியல. நீ எப்ப மோந்த?"

  யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதைப் பார்த்திருப்பீர்களே, பெரியவளுக்கு அந்த நிலை. இவ்வளவும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. அந்தக் கூடத்தில் இறாலுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஓட்டலில் கற்றவள். இன்னொருத்தி எங்கே கற்றாள்?  எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

சின்னவளும் பார்த்தாள். பானையைப் பார்த்தாள், பெரியவள் முகத்தைப் பார்த்தாள். முந்தானையில் அவிழ்ந்து தொங்கிய முடிச்சைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்காவுக்கு நான்தான் சொன்னேன்" என்றாள் சின்னவள்.

"என்னது?" என்றாள் அத்தை.

"இறால் எப்படி மணக்கும்னு அக்கா ஒரு தடவ கேட்டாங்க, தெரியாம சாப்பிட்டுடக் கூடாதேன்னு. நான்தான் சொல்லிக் குடுத்தேன். சூப்புல போட்டதும் நான்தான் அத்தை. பழைய கை. பெரியவங்க எல்லாம் வர்றாங்களே, நல்லா இருக்கணுமேன்னு ஒரு சபலம். என்னை மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கொழுந்தன் ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றான், ஒன்றும் புரியாமல்.

பெரியவள் மூச்சு விட்டாள். பிழைத்தாள்! நினைத்ததைவிட நன்றாகவே நடந்துவிட்டது. இனி சின்னவளைத் திட்டுவார்கள், சமையற்கட்டை விட்டு விரட்டுவார்கள். அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

யாரும் திட்டவில்லை. வெளியூர் மூப்பர்களில் தலை நரைத்தவர், கண்ணில் தண்ணீரோடு சின்னவளைப் பார்த்தார். "இத்தன பேர் முன்னால தப்ப ஒத்துக்கிறதுன்னா சும்மாவா? சபையிலேயே பிறந்து வளர்ந்த நம்மள்ல எத்தன பேருக்கு இந்த மனசு வரும்?" என்றார். "காணாமப் போன ஒரு ஆடு கிடைச்சா, வீட்டுல இருக்கிற அத்தன ஆட்டையும்விட அதுக்காகத்தான் சந்தோஷம்" என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். பொம்பளைகள் மூக்கை உறிஞ்சினார்கள். அத்தை போய்ச் சின்னவளைக் கட்டிக்கொண்டு, "அழாதடி என் கண்ணு, தெரியாம செஞ்சிட்ட" என்று முதுகைத் தடவினாள். பெரியவளைக் கட்டிக்கொண்டதாக அத்தைக்கு நினைவே இருக்காது. பெரியவளின் புருஷன் வேறு, இறாலைக் குடித்த வாயோடு, "பரவால்லம்மா, யாரும் வேணும்னு செய்யிறதில்ல" என்று ஆறுதல் சொன்னார்.

பெரியவள் நின்ற இடத்தில் நின்றாள். வீட்டிலேயே இருந்த ஆடு. காணாமலே போகாத ஆடு. அதை யாராவது தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடியிருக்கிறார்களா? சின்னவள் நல்லது செய்தால் அவளுக்குப் பெயர். தப்புச் செய்தாலும் அவளுக்கே பெயர். செய்யாத தப்புக்குக்கூட அவளுக்கே பெயர்! சமையற்கட்டு இன்றோடு தனக்கு வந்துவிடும், அது நிச்சயம். ஆனால் இந்தப் பானையை வைத்துக்கொண்டு சின்னவள் அடைந்திருக்கிற உயரத்தை, இனி எத்தனை பானை சமைத்தாலும் தான் எட்ட முடியாது என்பது பெரியவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த நீள நாக்கு அன்றைக்காவது சும்மா இருந்திருக்கலாம்.

"அவ போடல" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் மேசையை ஓங்கித் தட்டினாள். கிண்ணங்கள் குதித்தன.

"அவ போடலன்னு சொல்றேன்ல! நான் போட்டேன்!"

சின்னவள் அத்தையின் பிடியிலிருந்து நிமிர்ந்தாள். "அக்கா, சும்மா இருங்க. அதான் நான் சொல்லிட்டேன்ல."

"நீ யாருடி சொல்றதுக்கு? அது என் பாவம்! அதையும் நீயே எடுத்துக்குவியா? என் அடுப்ப எடுத்த, என் அத்தைய எடுத்த. செஞ்ச பாவத்துக்குக்கூட எனக்குன்னு ஒரு பேர் வரக்கூடாதா?" அவள் குரல் கிழிந்தது. "மார்க்கெட்டுக்குப் போனது நான். வாங்கினது நான். வறுத்து, பொடிச்சு, அடிவரைக்கும் கலக்கினது நான். இவரு ஆகா ஓகோன்னாரே ஜென்மத்துல படாத ருசின்னு, அது என் கை ருசி! உன்னுது இல்ல!"

அவள் புருஷன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வாயில் இருக்கிற எச்சிலை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அழவில்லை இப்போது. ஆட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.  மூப்பர் அவளைப் பார்க்காமலே, "நீங்க இனிமே சமையக்கட்டுப் பக்கம் வர வேண்டாம்மா" என்றார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியவள் தலையை ஆட்டினாள். அழுகை வரவில்லை, வெட்கம்கூட இன்னும் வரவில்லை, அது வீட்டுக்குப் போனபிறகு சாவகாசமாக வரும். மொத்தச் சபையும் தன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

பானையைக் கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். சொல்லிவைத்த மாதிரி சின்னவள்தான் முதலில் நகர்ந்தாள். துணியைச் சுற்றி ஒரு பக்கப் பிடியைப் பிடித்தாள்.

பெரியவள் பாய்ந்து போனாள். "விடுடி அத. நான் கலக்குனத நான் கொட்டிக்கிறேன்."

"ஒத்தையில தூக்க முடியாது அக்கா. கால்ல கொட்டிக்குவீங்க."

பெரியவள் தூக்கிப் பார்த்தாள். பானை அசையவில்லை. அந்தப் பானையை அவளும் ஒருநாளும் ஒற்றை ஆளாக இறக்கியது கிடையாது. சின்னவளின் கண் சிவந்திருந்தது, அழுதாளா அல்லது ஆவி பட்டதா தெரியவில்லை. அழுத கண்ணோடும் அழகாக இருந்தாள் பாவி. அது வேறு பெரியவள் வயிற்றில் ஒரு சொட்டு நெருப்பை விட்டது.

"சரி, பிடி" என்றாள் பெரியவள். "ஆனா முன்னால நான்தான் போவேன்."